விலையில்லா வலையமைப்பு மென்பொருளின் செலவு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஒரு நிறுவனத்தின் கணினிகளையும் அச்சுப்பொறிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் ஒன்றோடொன்று இணைத்து, அந்த இணைப்பை வெளி இணையத்தோடு பாதுகாப்பாகப் பொருத்தி வைக்கும் மென்பொருள்களைப் பொதுவாக வலையமைப்பு மென்பொருள்கள் என்பர். தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரவுட்டர் மென்பொருள், வேண்டாத போக்குவரத்தை வாசலிலேயே தடுக்கும் ஃபயர்வால், இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வர், வெளியூரில் இருக்கும் ஊழியர் மறையாக்கம் செய்யப்பட்ட பாதை வழியே அலுவலகத்துக்குள் நுழைய உதவும் வி.பி.என்., யார் எப்போது இணைந்தார் என்பதைச் சரிபார்த்துக் குறித்து வைக்கும் ரேடியஸ் சர்வர் ஆகியவை இதில் அடங்கும். இவை ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் வாங்கும் வணிகத் தயாரிப்புகள் இருக்கின்றன. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதும் கட்டணமின்றித் தரவிறக்கி நிறுவிக்கொள்ளக்கூடியதுமான திறமூல மென்பொருள்களும் இருக்கின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், பைண்ட், ஃப்ரீரேடியஸ், வயர்கார்டு என்பன இரண்டாம் வகையில் உலகெங்கும் பரவியவை. இவற்றை வேறொரு கம்பெனியின் தரவு மையத்தில் வாடகைக்கு ஓட்டாமல், நிறுவனமே தன் கட்டடத்திலுள்ள கணினியில் நிறுவித் தன் ஆட்களைக் கொண்டே பராமரிப்பதைத் தன்பொறுப்பில் நடத்துதல் எனலாம். அப்படி நடத்தும்போது உண்மையில் என்ன செலவாகிறது, அதை யார் செலுத்துகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்தக் கேள்வியைச் சென்னையை வைத்துக் கேட்பதற்கும் பெரம்பலூரையும் அரியலூரையும் வைத்துக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2001-இல் அதிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைபெற்ற அரியலூரும் மக்கள்தொகையில் சிறியவை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். அரியலூர் விழுப்புரம்–திருச்சி ரயில் பாதையில் இருக்கிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையமே இல்லை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலைதான் அதன் வழி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிற்கும் மறுபக்கம் என்ற பழைய சித்திரத்தோடு, கடந்த சில ஆண்டுகளில் வேறு சிலவும் சேர்ந்துள்ளன. மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் எறையூர் வளாகத்தில் 2023 நவம்பரில் காலணி ஆலை திறக்கப்பட்டது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஜெயங்கொண்டத்திலும் சிப்காட் காலணித் தொழிலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆலைகளுக்கு உதிரிப்பொருள் தரும் சிறு நிறுவனங்கள், லாரி அலுவலகங்கள், தனியார் மருத்துவமனைகள், பொறியியல் கல்லூரிகள், பள்ளிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இன்று வலையமைப்பு வேண்டும். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தனித் தகவல்தொழில்நுட்பத் துறை கிடையாது.

அரசின் கண்ணாடியிழை வடமும் இதே நிலத்தில்தான் வந்து சேர்கிறது. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் நிறைவேற்றும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் இலக்கு 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது. அவற்றில் பெரம்பலூரின் நான்கு ஒன்றியங்களிலுள்ள 121-உம், அரியலூரின் ஆறு ஒன்றியங்களிலுள்ள 201-உம் அடங்கும். வடம் ஊராட்சி வரை வருவது பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் வடம் முடியும் பெட்டியிலிருந்து பள்ளியின் வகுப்பறைக்கும் நூலகத்தின் மேசைக்கும் இணைப்பைக் கொண்டுபோகும் கடைசிச் சில நூறு அடியை எவர் வடிவமைப்பார், எவர் காப்பார் என்பது தனிக் கேள்வி. திறமூல வலையமைப்பு மென்பொருளுக்கு இயல்பான இடம் அந்தச் சில நூறு அடிதான்; அதன் செலவு மறைந்திருப்பதும் அங்கேதான்.

உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளுக்கும் செலவு உண்டு என்ற வாதம் புதிதல்ல. கணினி வாங்கும் விலையைவிட அதை வைத்திருக்கும் செலவு பெரிது என்பதைக் காட்டும் மொத்த உடைமைச் செலவு என்னும் கணக்குமுறையை 1980-களின் இறுதியில் கார்ட்னர் நிறுவனம் பரப்பியது. 2000-களின் தொடக்கத்தில் லினக்ஸுக்கு எதிராக வணிக நிறுவனங்கள் கையிலெடுத்த முதன்மை ஆயுதமும் அதுவே: உரிமம் விலையில்லாதது என்றாலும், அதை நடத்தத் தெரிந்த பொறியாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மிச்சமானது போய்விடும் என்றனர். இந்த வாதத்தை வளரும் நாடுகளின் கோணத்திலிருந்து ஆராய்ந்தவர் ரிஷப் ஐயர் கோஷ். 2003-இல் வெளிவந்த அவரது ஆய்வு, விண்டோஸ், ஆஃபீஸ் உரிமங்களின் விலையை ஒவ்வொரு நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டது. உரிமத்தின் விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவும் உழைப்பின் விலை நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபட்டும் இருப்பதால், அமெரிக்காவில் சிறிதாகத் தெரியும் உரிமக் கட்டணம் இந்தியா போன்ற நாட்டில் பல மாத வருமானத்துக்குச் சமமாகிவிடுகிறது என்பது அவர் காட்டிய உண்மை. அங்கே சம்பளம் பெரிது, உரிமம் சிறிது. இங்கே உரிமம் பெரிது, சம்பளம் சிறிது.

அந்தக் கணக்கைப் பெரம்பலூரில் போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 60 கணினிகள் கொண்ட ஒரு நடுத்தர மருத்துவமனையோ கல்லூரியோ திறமூல ஃபயர்வாலையும் டி.என்.எஸ்., வி.பி.என்., ரேடியஸ் ஆகியவற்றையும் ஒரு சிறிய சர்வரில் நடத்துகிறது என்று கொள்வோம். அந்தச் சர்வர் 50 வாட் மின்சாரம் எடுத்தால், இரவும் பகலும் ஓடுவதால் ஆண்டுக்கு 438 யூனிட் ஆகும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 4,380 ரூபாய்தான். பராமரிப்புக்கு வாரம் நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 208 மணி. மாதம் 25,000 ரூபாய் சம்பளமும் 200 மணி நேர வேலையும் கொண்டவரின் ஒரு மணி நேரம் 125 ரூபாய் என்பதால், அது 26,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து முப்பதாயிரத்துச் சொச்சம். காகிதத்தில் இதைவிட மலிவான ஏற்பாடு இருக்க முடியாது, கோஷின் வாதமும் மெய்யாகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது: 125 ரூபாய்க்குக் கிடைக்கும் மணி நேரம் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்கும் என்று அது நம்புகிறது.

ஃபயர்வாலின் விதிகளை எழுதவும், வி.பி.என். சாவிகளை உருவாக்கவும், பழுதானால் பதிவேடுகளைப் படித்துக் காரணம் காணவும் கற்றுக்கொண்ட இளைஞர், அதே திறமைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் என்ன சம்பளம் என்பதையும் அறிந்திருப்பார். மென்பொருளுக்கு விலையில்லை என்பதாலேயே நிறுவனம் அவருடைய வேலையையும் ‘கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை’ என்ற வரிசையில் வைத்து, ஆய்வக உதவியாளருக்குரிய ஊதியத்தையே கொடுக்கிறது. கற்று முடித்ததும் அவர் போய்விடுகிறார், அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. போகும்போது சர்வரின் கடவுச்சொல், எந்தக் கதவு எதற்காகத் திறக்கப்பட்டது என்ற நினைவு, சென்ற மழைக்காலத்தில் எந்த ஸ்விட்ச் கெட்டு எந்த வயர் மாற்றப்பட்டது என்ற அறிவு எல்லாம் அவரோடு போகின்றன. அதன்பின் அந்த சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திறமூல மென்பொருள்களின் உறுதி அத்தகையது. ஈராண்டு, மூவாண்டு எவரும் தொடாமலே ஓடும். அந்த உறுதியே ஆபத்தாகவும் ஆகிறது, ஏனெனில் ஓடுகிற பொருளுக்கு ஆள் தேவை என்று நிர்வாகத்துக்குத் தோன்றுவதில்லை. சம்பளம் கொடுத்த மாதங்களின் தொகையைவிட, ஆளில்லாமல் கழிந்த மாதங்களில் சேர்ந்த கடனே இந்த ஏற்பாட்டின் மெய்யான செலவு. எந்தப் பேரேட்டிலும் அதற்குத் தலைப்பு இல்லை.

அந்தக் கடன் எப்படிச் சேர்கிறது என்பதற்குப் பராமரிப்பு வேலையின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, பாதுகாப்புத் திருத்தங்கள். எந்த மென்பொருளிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்; அவை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தாக்குபவர்களும் அவற்றை அறிவார்கள். வணிகத் தயாரிப்பிலும் இதே நிலைதான். ஆனால் அங்கே சந்தா முடியும்போது விற்பனைப் பிரதிநிதியாவது தொலைபேசியில் கூப்பிடுவார். திறமூலத்தில் கூப்பிட ஒருவரும் இல்லை. அறிவிப்புகளைத் தேடிப் படித்து, தன் சர்வருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, முதலில் நகலெடுத்து வைத்து, இரவில் நோயாளிப் பதிவோ தேர்வுப் பணியோ இல்லாத நேரம் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, சான்றிதழ்கள். ஓர் இணையதளமோ வி.பி.என். சர்வரோ தான் யார் என்பதை மெய்ப்பிக்கக் காட்டும் மின்னணுச் சான்றிதழ்கள் முன்பு விலைக்கு வாங்கப்பட்டன. 2015 இறுதியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு அவற்றைக் கட்டணமின்றி எல்லோருக்கும் வழங்கத் தொடங்கியது. சிறு நிறுவனங்களுக்கு அது பேருதவி. ஆனால் அவற்றின் ஆயுள் 90 நாள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் முதல் 47 நாளாக்குவது என்று உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குநர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்துவிட்டது. விலை கொடுத்து வாங்கிய சான்றிதழுக்கும் இது பொருந்தும். அதுவரை கையால் புதுப்பித்து வந்த எந்த அலுவலகமும் அதன்பின் தானியங்கி முறைக்கு மாறியாக வேண்டும்; அதை அமைக்கவும், அது நின்றுபோனால் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

மூன்றாவது, சட்டம். இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்களோடு கம்பெனிகளையும் அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்துகிறது. கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை ஜி.பி. பதிவேடு சேர்ந்தால் 180 நாளில் 90 ஜி.பி.; வட்டின் விலை இன்று அற்பம். ஆனால் தாக்குதல் நடந்தது என்று கண்டுகொள்வதற்கே அந்தப் பதிவேடுகளை வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். தன் சர்வரைத் தானே நடத்துகிற மருத்துவமனையில் அவர் வாரம் ஒருமுறை வந்துபோகிறவர் என்றால், ஆறு மணி நேரம் என்பது எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிறு நிறுவனத்துக்கு அத்தகைய தொகை விதிக்கப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாக்கிவிட்டது.

நான்காவதாக, பௌதிகச் சூழல். இதைப் பற்றி மென்பொருள் கையேடுகள் பேசுவதே இல்லை. யு.பி.எஸ்.ஸில் உள்ள ஈய-அமில பேட்டரிகள் 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும். குளிரூட்டப்படாத மாடி அறையில், பெரம்பலூர்ச் சித்திரை வெயிலில், ஐந்தாண்டு என்று சொல்லி விற்ற பேட்டரி அதில் பாதிக்காலம் உழைத்தாலே பெரிது. பேட்டரி தளர்ந்தபின் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் சர்வர் முறையாக அணையாமல் விழுந்து எழும். வட்டிலுள்ள தரவு என்றோ ஒருநாள் சிதையும். அதோடு, சிற்றூர்களில் கிடைக்கும் இணைய இணைப்புகளில் பெரும்பாலானவை ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுபவை. ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் பழைய வகை இணைய முகவரிகளின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டதன் விளைவு இது. அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து அலுவலக சர்வரை நேராகத் தொடர்புகொள்ள முடியாது; தனி நிலை முகவரிக்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது வேறிடத்தில் ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து வயர்கார்டு வழியாகச் சுற்றிவர வேண்டும். தன்பொறுப்பு என்று தொடங்கியது இங்கே சிறிதளவு வாடகையாகவும் மாறுகிறது.

இவ்வளவும் நிறுவனத்தின் சுவருக்குள் உள்ள செலவு. அதற்கு வெளியே, அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் செலுத்தும் விலை ஒன்று இருக்கிறது. உலகின் பெரும்பகுதி இணையப் போக்குவரத்தை மறையாக்கம் செய்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல நிரலில் 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரும் பிழை வெளிப்பட்டபோது, அத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பதும், முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும் உலகுக்குத் தெரியவந்தன. பத்தாண்டு கழித்து, 2024 மார்ச் 29-இல், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். சேவை வழக்கத்தைவிட அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தோண்டிப் பார்த்து, எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க நிரலுக்குள் யாரோ ஒரு கள்ளவழியைப் புகுத்தியிருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார். அந்த நிரலை நெடுங்காலம் ஏறக்குறைய தனியொருவராகப் பராமரித்து வந்தவரின் நம்பிக்கையை, ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்த ஆள் இரண்டாண்டுக்கும் மேலாக உழைத்துப் பெற்று, அந்த நம்பிக்கையின் மீது ஏறி உள்ளே வந்திருந்தார். கள்ளவழி பரவலான வெளியீடுகளுக்குப் போவதற்கு முன்பே பிடிபட்டது. ஊதியமில்லாமல் களைத்துப்போன பராமரிப்பாளர் ஒருவரின் தனிமை, ஜெயங்கொண்டத்துப் பள்ளி சர்வர் வரை வந்து தொடக்கூடிய பலவீனம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2024-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வெளியிட்ட ஓர் ஆய்வு, திறமூல மென்பொருள் இல்லாமல் போனால் நிறுவனங்கள் மென்பொருளுக்காக இப்போது செலவிடுவதைப் போல மூன்றரை மடங்கு செலவிட நேரும் என்று மதிப்பிட்டது. அந்தச் செல்வத்தில் மிகச் சிறு பங்கே எழுதியவர்களுக்குத் திரும்பிச் செல்கிறது. இந்தியாவில் ஜெரோதா நிறுவனம் 2024-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கும் நிதியொன்றைத் திறமூலத் திட்டங்களுக்காகத் தொடங்கியது பாராட்டத்தக்க முன்னுதாரணம். நன்கொடை ஆதாரம் போதாதபோது திட்டங்கள் வேறு வழி தேடுகின்றன. அதன் செலவும் பயன்படுத்துவோர் தலையில் விழுகிறது. மேனுவல் காஸ்பர் தொடங்கிய மோனோவால் என்ற ஃபயர்வாலிலிருந்து 2004-இல் பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. 2015 ஜனவரியில் அதிலிருந்து ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. அடுத்த மாதமே மோனோவால் முடித்துக்கொள்ளப்பட்டது. 2021-இல் பிஎஃப்சென்ஸின் உரிமையாளர்கள் மூல நிரல் மூடிய தனிப்பதிப்பு ஒன்றை முன்னிறுத்தினர். இவற்றில் எந்த முடிவையும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும், எந்தக் கிளையோடு போவது என்று முடிவெடுத்து விதிகளை மறுபடி எழுதும் வேலை ஒவ்வொரு சிறு அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. சென்ட்ஓஎஸ் 8 என்னும் சர்வர் இயங்குதளத்துக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பியிருந்தோருக்கு, அது 2021 இறுதியிலேயே நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2020 டிசம்பரில் வந்ததும் இத்தகையதே.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் நீண்ட அனுபவம் உண்டு. 2005-இல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைக்கப்பட்டது, டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது, சி. உமாசங்கர் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த ஆண்டுகளில் அந்நிறுவனம் லினக்ஸை நோக்கித் துணிந்து நகர்ந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. இரண்டில் எதைப் பயன்படுத்துவது என்பது மாணவரின் விருப்பம் என்று தோன்றினாலும், பழுது பார்க்கும் கடைக்காரருக்கும் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் அண்டை வீட்டு அண்ணனுக்கும் எது தெரியுமோ அதுவே வெல்லும். மென்பொருளைக் கொடுத்த அளவுக்கு, அதைப் பற்றிக் கேட்க ஓர் ஆளைக் கொடுப்பதில் திட்டம் முதலீடு செய்யவில்லை.

அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் அரசுப் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-இல் அதுவே கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. அங்கே பள்ளிதோறும் தகவல்தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றார். அவர்களுக்குப் பயிற்சி அளிக்க மாவட்டங்களில் முதன்மைப் பயிற்றுநர்கள் இருந்தனர். 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் வந்து, பள்ளியின் ஆய்வகத்தையும் வலையமைப்பையும் மாணவர்களே பேணப் பழக்கின. உரிமத்தில் மிச்சமான பெருந்தொகையைக் கைட் பெருமையோடு குறிப்பிடுவது வழக்கம்; ஆனால் அந்த மிச்சத்தைச் சாத்தியமாக்கியது ஆசிரியர்களின் நேரத்துக்கு அரசு கொடுத்த இடம். உண்மையான செலவை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு ஆளும் பதவிப்பெயரும் பயிற்சி நாட்களும் ஒதுக்கியதுதான் கேரளத்தின் வேறுபாடு.

இந்தச் செலவுக் கணக்கைப் படித்துவிட்டு, அப்படியானால் வணிகத் தயாரிப்பையே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பது பிழையாகும். வணிக ஃபயர்வாலுக்கும் விதி எழுத ஆள் வேண்டும். அதற்கும் பேட்டரி தளரும். சந்தா கட்டத் தவறிய ஆண்டில் அதன் பாதுகாப்பு ஏறக்குறைய பெயரளவாகிவிடும். தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திய நாளில் நல்ல நிலையிலிருக்கும் பெட்டி குப்பைக்குப் போகும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்றவை பழைய ரவுட்டர்களுக்குப் பல ஆண்டு மறுவாழ்வு கொடுக்கின்றன. அதற்கும் எல்லை உண்டு: நான்கு எம்.பி. சேமிப்பிடமும் 32 எம்.பி. நினைவகமும் கொண்ட மலிவு ரவுட்டர்களுக்கு அதன் ஆதரவு 19.07 பதிப்போடு முடிந்தது. இரு வழிகளுக்கும் இடையிலான முதன்மை வேறுபாடு பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. உரிமக் கட்டணம் மாவட்டத்தை விட்டு, பெரும்பாலும் நாட்டையும் விட்டு, வெளியே போய்விடும். பராமரிப்புக்குக் கொடுக்கும் ஊதியம் குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு குடும்பத்தின் வருமானமாகி, அவருடைய கையில் ஒரு தொழிலையும் வளர்க்கும். திறமூலத்துக்கான வலிமையான வாதம் இதுதான். செலவே இல்லை என்று சொல்லி அதை விற்பவர்கள் இந்த வாதத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, ஊதியத்தைத் தக்க அளவில் கொடுத்து ஆளைத் தக்கவைப்பது எப்படி என்பதே தீர்க்க வேண்டிய சிக்கல். 60 கணினி கொண்ட நிறுவனத்துக்கு முழுநேர வலையமைப்புப் பொறியாளர் தேவையில்லை. வாரம் நான்கு மணி நேர வேலைக்கு நல்ல சம்பளம் கொடுக்கவும் அதனால் முடியாது. ஆனால் ஒரு மருத்துவமனை, இரண்டு கல்லூரிகள், ஒரு பள்ளி, ஒரு கூட்டுறவுச் சங்கம் என ஐந்து அமைப்புகள் மாதம் 14,000 ரூபாய் வீதம் போட்டால் 70,000 ரூபாய் சேரும். அதைக் கொண்டு இருவரை, ஆளுக்கு 35,000 என்ற ஊதியத்தில், பெரம்பலூரிலோ அரியலூரிலோ தங்க வைக்கலாம். ஒருவராக இல்லாமல் இருவராக இருப்பது முக்கியம். ஒருவர் போனாலும் அறிவு ஊரில் தங்கும். முன்பு போட்ட கணக்கின்படி முப்பதாயிரத்தில் முடிந்த ஆண்டுச் செலவு இப்போது ஒவ்வோர் அமைப்புக்கும் 1,68,000 ரூபாயாக, ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. உண்மையான விலைக்கு அருகில் இருப்பது இந்தத் தொகைதான். பால் கூட்டுறவுகளையும் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களையும் பல தலைமுறையாக நடத்திப் பழகிய மாவட்டங்களுக்குப் பங்கு போட்டு ஆள் வைப்பது அந்நியமான ஏற்பாடன்று.

அதற்குத் தடைகளும் உண்டு. நோயாளியின் தரவும் மாணவரின் தரவும் ஒரே இருவரின் கைவழியே போகும்போது, சட்டப்படி பொறுப்பு அந்தந்த நிறுவனத்திடமே இருக்கும் என்பதால், யார் எதைப் பார்க்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். முதன்மைக் கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையில் நிறுவனத் தலைவரின் பெட்டகத்தில் இருக்க வேண்டும். ஊழியர் மாறும்போதெல்லாம் அவை மாற்றப்பட வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் அமைப்புகளில் கருவி வாங்க ஒரு தலைப்பிலும் ஆளுக்கு ஊதியம் கொடுக்க வேறொரு தலைப்பிலும் நிதி வருகிறது. பெட்டி வாங்கும் பணத்தை ஆளுக்குத் திருப்ப முடியாது. உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்று காட்டும் அதே கோப்பிலேயே, அந்த மிச்சத்தில் ஒரு பகுதி பராமரிப்பு ஊதியத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையையும் வைத்தால்தான் இது நகரும்.

பயிற்சிக்கான மூலவளங்கள் தமிழிலேயே ஓரளவு உருவாகியிருக்கின்றன. 2012 முதல் கணியம் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் தடையற்ற உரிமத்தில் வெளியிட்டு வருகிறது; அருகிலுள்ள விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு சிற்றூர் மாணவர்களுக்குத் தொடர்ந்து வகுப்பு நடத்துகிறது. வலையமைப்புப் பராமரிப்புக்கென்று, ஓபிஎன்சென்ஸின் விதிகளையும் செர்ட்-இன் கேட்கும் பதிவேடுகளையும் படிப்படியாக விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றை இவ்விரு மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகவே எழுதலாம். எழுதும்போது கண்ட பிழைகளை மூலத்திட்டங்களுக்குத் தெரிவிப்பது, பணமாகக் கொடுக்க முடியாதவர் செலுத்தக்கூடிய கைம்மாறு.

இத்தகைய கூட்டு அமைப்பு தொடங்கினால், முதல் ஆண்டில் புதிதாக எதையும் நிறுவ நேரம் இருக்காது. முன்பு இருந்தவர்கள் நிறுவிவிட்டுப் போன சர்வர்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, எந்தப் பதிப்பில் ஓடுகின்றன, எந்தக் கதவுகள் காரணம் தெரியாமல் திறந்திருக்கின்றன என்பதைப் பத்து ஒன்றியங்களிலும் சுற்றிப் பார்த்து எழுதி வைப்பதிலேயே அது கழியும். கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் இல்லாத அந்த ஓராண்டுக்கான ஊதியத்தையும் சேர்த்தே பங்குத்தொகையை முதல் கூட்டத்தில் கேட்க வேண்டியிருக்கும்.